353 கோடி 1,526 கோடியான கதை: ஒரு ஸ்காலர்ஷிப்பின் வரலாறு

2017 மார்ச் 31-ஆம் தேதியோடு பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் முடிந்தது. அன்று ராத்திரி ஷிப்ட் முடிந்து சிப்காட்டிலிருந்து வீடு திரும்பிய ஓசூர்த் தொழிலாளி யாருக்கும் அது தெரிந்திருக்காது. ஆனால் அந்த ஒரு தேதி மாறியதில், பட்டியல் சாதி மாணவர்களின் மேற்படிப்பு உதவித்தொகைக்காகத் தமிழ்நாடு அரசு தன் கையிலிருந்து முதலில் போட வேண்டிய தொகை, ஆண்டுக்குச் சுமார் 353 கோடி ரூபாயிலிருந்து சுமார் 1,526 கோடி ரூபாயாக ஏறிவிட்டது. இதற்காக நாடாளுமன்றத்தில் ஒரு சட்டத் திருத்தமும் வரவில்லை. தலித் மாணவர்களின் நிதியைக் குறைக்கிறோம் என்று ஒரு அமைச்சரும் அறிவிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு கணக்குச் சூத்திரம் தன் வேலையைப் பார்த்தது, அவ்வளவுதான்.

இந்தச் சூத்திரத்தை இளம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்காலர்ஷிப் வரவில்லை என்று கிருஷ்ணகிரி கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு போகும்போது, யாரோ ஒரு கிளார்க் ஃபைலை நகர்த்தவில்லை என்றுதான் நினைக்கிறோம். சில நேரம் அதுவும் உண்மைதான். ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவே பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. பணத்தை யார் போடுவது என்கிற வழக்கு. அதில் மாநில அரசு ஒரே நேரத்தில் இரண்டு காரியம் செய்தது. டெல்லியைப் பார்த்து உரிமை கேட்டது. நம் பக்கம் திரும்பி, அதே உரிமையைச் சத்தமில்லாமல் சுருக்கியது. முதலாவதைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. இரண்டாவதைப் பற்றிப் பேச ஆள் குறைவு.

ஒன்றிய, மாநில நிதி உறவு என்றாலே அது பொருளாதாரம் படித்தவர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கும் பழக்கம் நம் கூட்டங்களில் உண்டு. அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளே இதுதான். பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி எப்படி உருவாகி வளர்ந்தது என்ற அந்த ஆய்வு 1925-ல் லண்டனில் புத்தகமாக வந்தது. 1870 டிசம்பரில் வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசு ஒரு தீர்மானம் போட்டது. சிறை, போலீஸ், கல்வி, மருத்துவம், சாலை போன்ற துறைகளை மாகாணங்களிடம் கொடுத்தது. கூடவே ஒரு குறிப்பிட்ட தொகையையும் கொடுத்தது. அந்தத் தொகை அந்தத் துறைகளுக்கு அதுவரை ஆகிவந்த செலவைவிடக் குறைவு. மிச்சத்தை மாகாணமே வரி போட்டோ சிக்கனம் பிடித்தோ சமாளித்துக்கொள்ள வேண்டும். அதிகாரப் பரவலாக்கம் என்று பெயர் வைத்துவிட்டுப் பற்றாக்குறையைப் பரவலாக்கும் இந்த வித்தையை அம்பேத்கர் வரவு செலவுக் கணக்குகளை வைத்து வரி வரியாகப் பிரித்துக் காட்டினார். 1870-ஐப் படித்தவர்களுக்கு 2017 புதிதாகத் தெரியாது.

அதே அம்பேத்கர் 1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். சில மாதங்களில், அக்டோபர் 29-ஆம் தேதி, பட்டியல் சாதியினரின் குறைகள் பற்றி லின்லித்கோவிடம் நீண்ட மனு ஒன்றைக் கொடுத்தார். அரசு வேலையில் இடம், ஒப்பந்தப் பணிகளில் பங்கு, உயர்கல்விக்கு உதவித்தொகை என்று அதில் பல கோரிக்கைகள் இருந்தன. கல்வி பற்றி எழுதும்போது அவர் ஓர் ஒப்பீடு வைக்கிறார். காசி இந்து பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் இந்திய அரசு ஆண்டுக்கு மூன்று மூன்று லட்சம் கொடுக்கிறது. எங்களுக்கு என்ன கொடுக்கிறது? 1944-ல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கியது. அதுதான் இன்றைய போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப். பத்தாம் வகுப்புக்கு மேல் பிளஸ் ஒன்று முதல் ஆராய்ச்சிப் படிப்பு வரை, ஐடிஐ, பாலிடெக்னிக் எல்லாம் இதற்குள் வரும். காங்கிரஸ் கொடுத்தது, பாஜக கொடுத்தது, திராவிடக் கட்சிகள் கொடுத்தன என்று தேர்தல் நேரத்தில் யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். கேட்டு வாங்கியவர் யார் என்பது பதிவில் இருக்கிறது.

தொடக்கத்தில் டெல்லியிலிருந்த கல்வித் துறையே விண்ணப்பம் வாங்கிப் பணம் அனுப்பியது. மாணவர்கள் பெருகியதும் 1950-களின் கடைசியில் நிர்வாகம் மாநிலங்களுக்கு மாற்றப்பட்டது. பணம் டெல்லியுடையது, வேலை மாநிலத்துடையது என்றாகியது. இந்த ஏற்பாட்டுக்குள்தான் நம் சூத்திரம் உட்கார்ந்திருக்கிறது. அதன் அலுவலகப் பெயர் ‘கமிட்டெட் லயபிலிட்டி’. மாநிலம் கட்டாயம் ஏற்க வேண்டிய பொறுப்புத் தொகை என்று வைத்துக்கொள்ளலாம்.

சூத்திரம் இது. ஓர் ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி ஆண்டில் ஒரு மாநிலத்தில் இந்த ஸ்காலர்ஷிப்புக்கு ஆன மொத்தச் செலவு எவ்வளவோ, அடுத்த ஐந்தாண்டு முழுவதும் ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தொகையை மாநிலமே போட வேண்டும். அதற்கு மேல் ஆகும் செலவை மட்டும் ஒன்றிய அரசு நூறு சதவீதம் கொடுக்கும். நூறு சதவீத ஒன்றிய நிதி என்று விளம்பரத்தில் சொல்லலாம், பொய்யில்லை. ஆனால் எதற்கு மேல் நூறு சதவீதம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சிறிய எண்களில் போட்டுப் பாருங்கள். ஒரு மாநிலத்தின் பொறுப்புத் தொகை 25 ரூபாய். ஐந்தாண்டுகளில் செலவு 100 ரூபாயாக வளர்கிறது. கடைசி ஆண்டில் மாநிலம் 25, டெல்லி 75. மறு ஆண்டு புதிய திட்டம் தொடங்குகிறது, செலவு 110 ரூபாய். இப்போது மாநிலத்தின் பங்கு 100, டெல்லியின் பங்கு 10. மாணவர்கள் அதே மாணவர்கள், கல்லூரி அதே கல்லூரி. டெல்லியின் பங்கு மட்டும் ஒரே இரவில் 75-லிருந்து 10 ஆகிவிட்டது. ஐந்தாண்டில் எந்த மாநிலம் அதிகமான தலித் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியதோ, அதற்குத்தான் அதிகத் தண்டனை.

தமிழ்நாடு அப்படி அனுப்பிய மாநிலம். 2012 செப்டம்பர் 11 தேதியிட்ட ஆதி திராவிடர் நலத்துறை அரசாணை எண் 92 இங்கே முக்கியம். சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் ஆதி திராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவ மதம் மாறிய ஆதி திராவிடர் மாணவர்களுக்கு, வருமான வரம்புக்குள் இருந்தால், கட்டணக் குழு நிர்ணயித்த கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. கிறிஸ்தவ ஆதி திராவிடரை 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியாக ஏற்பதில்லை என்பதால் டெல்லி அவர்களுக்கு ஒரு பைசா தராது. அவர்கள் செலவை மாநிலம் தன் சொந்த நிதியில் பார்க்கிறது. இதைச் சொல்லாமல் மாநிலத்தை மட்டும் திட்டுவது நேர்மையாகாது.

அரசாணை 92 எத்தனை வீட்டுக் கதவைத் திறந்தது என்பது அந்த ஆண்டுகளில் படித்தவர்களுக்குத் தெரியும். கட்டணமில்லாமல் இன்ஜினியரிங் என்பது கிருஷ்ணகிரி, தருமபுரி காலனிகளில் அதுவரை கேள்விப்படாத சொல். கூடவே ஒரு வியாபாரமும் வந்தது. இடம் நிரம்பாமல் தவித்த கல்லூரிகள் புரோக்கர்களைக் கிராமங்களுக்கு அனுப்பின. சாதிச் சான்றிதழும் மார்க் ஷீட்டும் கொடுத்தால் போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். கலந்தாய்வு என்றால் என்னவென்று சொல்லித்தர ஆளில்லாத முதல் தலைமுறைப் பிள்ளைகள் நிர்வாக ஒதுக்கீட்டில் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் பலருக்குத் தாங்கள் எந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தோம் என்பதே தெரியாது. இந்த ஸ்காலர்ஷிப்பில் நடந்த முறைகேடுகளை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2018-ஆம் ஆண்டு அறிக்கையில் விரிவாக எழுதியிருக்கிறார். தணிக்கைக்கு எடுத்துக்கொண்ட ஐந்து மாநிலங்களில் தமிழ்நாடும் கர்நாடகமும் உண்டு.

ஆக 2016-17-ல் செலவு உச்சத்தில் இருந்தது. அந்த உச்சம்தான் திட்டத்தின் கடைசி ஆண்டு. 1,526 கோடி என்ற எண் அங்கிருந்து வந்தது.

இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. 2014 ஆகஸ்டில் திட்டக் குழுவைக் கலைக்கப்போவதாகப் பிரதமர் அறிவித்தார். 2015 ஜனவரியில் நிதி ஆயோக் வந்தது. பன்னிரண்டாவதுக்குப் பின் பதின்மூன்றாவது ஐந்தாண்டுத் திட்டமே கிடையாது. ஐந்தாண்டுத் திட்டத்தை நம்பி எழுதிய சூத்திரம், ஐந்தாண்டுத் திட்டம் செத்த பிறகும் உயிரோடு இருந்தது. திட்டம் போனதால் பட்டியல் சாதி துணைத் திட்டத்தின் அடித்தளமும் ஆடியது. மக்கள் தொகை விகிதத்தில் திட்ட நிதியை ஒதுக்க வேண்டும் என்பதுதான் 1970-களின் இறுதியிலிருந்து நம் மூத்தவர்கள், பி.எஸ். கிருஷ்ணன் போன்ற அதிகாரிகளின் துணையோடு, போராடி வாங்கிய ஏற்பாடு. 2017-18 பட்ஜெட்டில் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பிரிவே நீக்கப்பட்டது. விகிதம் கேட்க வேண்டுமானால் எதில் விகிதம் கேட்பது?

ஒன்றிய அரசின் பதில் தயாராக இருந்தது. பதினான்காவது நிதிக்குழு மாநிலங்களின் வரிப் பங்கை 32 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்த்திவிட்டது, பணம் உங்களிடம்தான் இருக்கிறது, நீங்களே போடுங்கள் என்றார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் மாநிலங்களுக்குள் பிரிக்கும் கணக்கில் தமிழ்நாட்டின் பங்கு அதே நிதிக்குழுவால் 4.969 சதவீதத்திலிருந்து 4.023 சதவீதமாக இறங்கியது. பானை பெரிதானது, நம் அகப்பை சிறிதானது. இந்த வாதத்தில் சென்னையின் பக்கம்தான் நியாயம் அதிகம்.

அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு சென்னை செய்தது என்ன? கடிதம் எழுதியது. 2017 பிப்ரவரியில் முதல்வர் எடப்பாடி பழனிசாமி பிரதமரைச் சந்தித்துக் கொடுத்த மனுவில் இந்த ஸ்காலர்ஷிப்புக்கு ஒன்றிய அரசு வைத்திருக்கும் 1,800 கோடிக்கு மேற்பட்ட நிலுவையும் ஒரு கோரிக்கை. பிறகு பொறுப்புத் தொகை முறையைக் கைவிட்டு 60:40 என்று பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற கோரிக்கை போனது. எதிர்க்கட்சியாக இருந்த திமுகவும் அறிக்கை விட்டது. எல்லாம் சரிதான்.

கடிதம் டெல்லிக்குப் போய்க்கொண்டிருந்த அதே மாதங்களில் கோட்டையிலிருந்து வேறொரு காகிதம் கல்லூரிகளுக்குப் போனது. 2017 ஆகஸ்டில் வந்த அரசாணை, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த தலித் மாணவர்களுக்கு அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கான கட்டணம் மட்டுமே தரப்படும் என்றது. மீதியை யார் கட்டுவது? அடுத்த ஆண்டு ஒன்றிய அரசின் புதிய வழிகாட்டுதல் இன்னொரு படி மேலே போய், நிர்வாக ஒதுக்கீட்டிலும் ஸ்பாட் அட்மிஷனிலும் சேர்ந்தவர்களுக்கு ஸ்காலர்ஷிப்பே கிடையாது என்றது. முறைகேடு செய்தவர்கள் கல்லூரி நடத்துகிறவர்களும் புரோக்கர்களும். கதவு சாத்தப்பட்டது மாணவர்கள் முகத்தில். கணக்கைச் சரிசெய்ய வேண்டியிருந்த இரண்டு அரசுகளுக்கும் முறைகேடு பற்றிய அந்தப் புகார் வசதியாக அமைந்தது என்றே நான் கருதுகிறேன். உண்மையில் முறைகேட்டைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால், கலந்தாய்வுக்கு வழிகாட்ட ஒவ்வோர் அரசு மேல்நிலைப் பள்ளியிலும் ஓர் ஆளை உட்கார வைப்பது அதைவிட மலிவான வேலை.

தமிழ்நாடு மட்டும் இதில் மாட்டவில்லை. பஞ்சாபில் தனியார் கல்லூரிகள், அரசிடமிருந்து பணம் வரவில்லை என்று சொல்லித் தலித் மாணவர்களின் பட்டங்களைத் தர மறுத்தன. நாடு முழுவதும் நிலுவை ஏறி, 2018-19-ல் முதலில் ஒதுக்கிய 3,000 கோடியைத் திருத்திய மதிப்பீட்டில் 6,000 கோடியாக்க வேண்டி வந்தது. அது பழைய கடனை அடைக்கத்தான். மறு ஆண்டே ஒதுக்கீடு 3,000 கோடிக்குக் கீழே இறங்கிவிட்டது.

இது ஓசூருக்கு வந்து சேரும்போது என்னவாகிறது என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகையில் சுமார் 14 சதவீதம் பட்டியல் சாதியினர். மாநில சராசரியான 20 சதவீதத்தைவிட இது குறைவு. எண்ணிக்கை குறைவு என்றால் சட்டமன்றத்தில் குரலும் குறைவு. 1970-களில் சிப்காட் வந்து, 1980-களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வரிசையாக ஆலைகள் எழுந்த ஊர் இது. இன்றைக்கு எலக்ட்ரானிக்ஸ், மின்சார ஸ்கூட்டர் வரை வந்துவிட்டது. நிலமில்லாத குடும்பத்துக்கு இந்த வட்டாரத்தில் ஊர்த் தெருவின் தயவில்லாமல் வாழ இரண்டு வழி: ஆலை, இல்லையென்றால் பெங்களூரு. 2012 நவம்பர் 7-ஆம் தேதி தருமபுரி அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் கொளுத்தப்பட்ட வீடுகளில் பெங்களூருவில் உழைத்த காசில் கட்டிய வீடுகளும் உண்டு. அந்தக் கோபம் எதன் மீது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆலைக்குள் போக இரண்டு வாசல் இருக்கிறது. டிப்ளமோவோ டிகிரியோ கையில் இருந்தால் ஒரு வாசல். பிளஸ் டூவோடு நின்றால் பயிற்சியாளர், ஒப்பந்தத் தொழிலாளி என்று இன்னொரு வாசல். முதல் வாசலில் நுழைந்தவர் வேலை நிரந்தரம் பற்றிப் பேசலாம். இரண்டாவது வாசலில் நுழைந்தவர் அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று கேட்டுக்கொண்டிருப்பார். இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் இருப்பது மூன்று அல்லது நான்கு வருஷப் படிப்பும் அதற்கான கட்டணமும். ஸ்காலர்ஷிப் ஒரு வருஷம் தாமதமானால் கல்லூரி காத்திருக்காது. முதலில் ஹால் டிக்கெட்டில் கை வைக்கும், கடைசியில் டிசியிலும் மார்க் ஷீட்டிலும் கை வைக்கும். அசல் சான்றிதழைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. அந்தத் தாளை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பேச்சு நடத்தும்போது உதவும். ஆனால் டெல்லியும் சென்னையும் ஒருவருக்கொருவர் தர வேண்டிய கடனுக்குப் பிணையாகக் கல்லூரி அலமாரியில் இருப்பது ஒரு தலித் பெண்ணின் மார்க் ஷீட் என்பதைப் பாருங்கள். ரிசர்வ் வங்கியில்கூட இவ்வளவு பாதுகாப்பான பிணை கிடைக்காது.

எல்லைக்கு வருவோம். ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் அத்திப்பள்ளி, ஆனேக்கல், அப்புறம் பெங்களூரு. நம் காலனிகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வீட்டு மொழிகள். தமிழ்நாட்டின் பட்டியல் சாதிப் பட்டியலிலேயே ஆதி கர்நாடகர், ஆதி ஆந்திரர், ஹொலையர், மாதிகர், மாலா எல்லாம் இருக்கிறார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லைக்கு இரண்டு பக்கமும் நடக்கிறது. ஆனால் சாதிச் சான்றிதழ் எல்லை தாண்டாது. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-ல் சொல்லிவிட்டது. ஸ்காலர்ஷிப் விதியும் அதேதான். மாணவர் எங்கே படித்தாலும் சொந்த மாநிலம்தான் பணம் தர வேண்டும். ஓசூரிலிருந்து தினமும் பஸ் ஏறி ஆனேக்கலில் படிக்கும் பிள்ளைக்குக் கர்நாடகம் தராது, தமிழ்நாட்டிடம்தான் கேட்க வேண்டும். தமிழ்நாடு பணத்தைத் தாமதித்தால், அந்தக் கல்லூரிக்குச் சென்னையிலிருக்கும் எந்த அதிகாரியோடும் தொடர்பு இருக்காது; மாணவரிடம்தான் கேட்கும்.

சூத்திரத்துக்குக் கடைசியில் முடிவு வந்தது. பதினான்கு மாநிலங்களில் இந்த ஸ்காலர்ஷிப் நின்றுபோகும் நிலைக்கு வந்துவிட்டதைச் செய்தித்தாள்கள் எழுதின, தலித் அமைப்புகள் போராடின, மாநிலங்கள் நெருக்கின. 2020 டிசம்பர் 23-ஆம் தேதி ஒன்றிய அமைச்சரவை பொறுப்புத் தொகை முறையை நீக்கி, 60:40 பகிர்வுக்கு ஒப்புதல் தந்தது. மொத்தம் 59,048 கோடி. அதில் ஒன்றிய அரசின் பங்கு 35,534 கோடி. 2025-26 வரைக்குமான கணக்கு. 2017-18 முதல் 2019-20 வரை ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடியாக இருந்த ஒன்றிய உதவி இனி ஆண்டுக்கு 6,000 கோடியாகும் என்று அரசு செய்திக்குறிப்பில் பெருமையாகச் சொன்னது. அந்த வாக்கியத்தைத் திருப்பிப் படித்தால் ஒப்புதல் வாக்குமூலம்: மூன்று வருஷம் ஆறில் ஒரு பங்குதான் கொடுத்திருக்கிறார்கள். அறிவிப்புக்கு அடுத்த பட்ஜெட்டில், 2021-22-ல், ஒதுக்கியது 3,415 கோடி. 6,000-ஐத் தாண்டியது 2023-24-ல்.

புதிய முறையில் ஒரு மாற்றம் நமக்கு நேரடியாக வந்தது. முன்பு கல்விக் கட்டணம் அரசிடமிருந்து கல்லூரிக்குப் போகும். இப்போது ஒன்றிய அரசின் 60 சதவீதம், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வழியாக மாணவருக்கு வருகிறது. அதுவும் மாநிலம் தன் 40 சதவீதத்தை விடுவித்த பிறகு. இடைத்தரகு ஒழியும் என்றார்கள், ஓரளவு உண்மை. ஆனால் கல்லூரிக்குப் பதில் சொல்ல வேண்டிய கடனாளியாக மாணவரே ஆகிவிட்டார். வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் கணக்கில் வந்த பணம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். இதற்கு மாற்றாக அதே வழிகாட்டுதலில் ‘ஃப்ரீஷிப் கார்டு’ என்று ஒன்று இருக்கிறது. முன்பணம் கட்டாமல் கல்லூரியில் சேர உதவும் அட்டை அது. உங்கள் பகுதியில் எத்தனை பேர் கையில் அது இருக்கிறது என்று விசாரியுங்கள்.

வருமான வரம்பும் அப்படியே கிடக்கிறது. ஆண்டுக்கு இரண்டரை லட்சம், அதாவது மாதம் 20,833 ரூபாய். சிப்காட்டில் ஒப்பந்தத்தில் அப்பா 12,000 வாங்கி, அம்மா 10,000 வாங்கினால் ஆண்டுக்கு 2,64,000. வரம்பு தாண்டியாயிற்று, ஸ்காலர்ஷிப் இல்லை. 2019-ல் வந்த பொருளாதாரத்தில் நலிந்த முன்னேறிய பிரிவினர் ஒதுக்கீட்டுக்கு ஏழைமையின் வரம்பு எட்டு லட்சம். ஒரே நாடு, இரண்டு ஏழைமை. ஓசூர் போன்ற தொழில் நகரத்தில்தான் இந்த இரண்டரை லட்சம் அதிகம் வெட்டுகிறது. இங்கே வீட்டு வாடகை பெங்களூருவைப் பார்த்து ஏறுகிறது, வரம்பு பத்தாண்டுக்கு முந்தைய அரசாணையைப் பார்த்து நிற்கிறது.

மாநில அரசின் பதிலில் நல்லதும் உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010-11-ல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத ஒதுக்கீடு, கட்டணத்தை அரசே ஏற்பது, 2022-ல் புதுமைப்பெண், 2024-ல் தமிழ்ப் புதல்வன் என்று மாநிலம் தன் சொந்தக் காசில் செய்தவை இருக்கின்றன. டெல்லி கைவிட்ட இடத்தை இவை ஓரளவு நிரப்புகின்றன. ஆனால் இவை எல்லோருக்குமான திட்டங்கள். மாதம் ஆயிரம் ரூபாய் பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் உதவும். சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டாது. இதற்கு நடுவே, பட்டியல் சாதி துணைத் திட்ட நிதியில் 1,500 கோடிக்கு மேல் மகளிர் உரிமைத் தொகைக்குக் கணக்குக் காட்டப்பட்டதாக 2023-ல் சர்ச்சை எழுந்து, தேசிய பட்டியல் சாதிகள் ஆணையம் விளக்கம் கேட்டது. பயனாளிகளில் தலித் பெண்களும் இருக்கிறார்களே என்பது அரசுத் தரப்பு வாதம். அவர்கள் ரேஷன் கடைக்கும்தான் போகிறார்கள்; அதற்கும் துணைத் திட்டத்திலிருந்து எடுப்பீர்களா? எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். 2013-லேயே துணைத் திட்டத்துக்குச் சட்டம் போட்ட கர்நாடகம், 2023-24-ல் அந்த நிதியில் 11,000 கோடிக்கு மேல் ஐந்து உத்தரவாதத் திட்டங்களுக்குத் திருப்பியது. தமிழ்நாட்டுச் சட்டம் 2024 ஜூனில்தான் பேரவையில் நிறைவேறியது. பதினோரு வருஷம் தாமதம்.

இப்போது சமக்ர சிக்ஷாவுக்கு வருகிறேன், ஒப்பிட்டுப் பார்க்கத்தான். பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பதற்காக 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தியது. தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கு 2025-26 சேர்க்கை உரிய காலத்தில் தொடங்கவில்லை. மாநில அரசு சும்மா இருக்கவில்லை. 2025 மே மாதம் அரசமைப்புச் சட்டத்தின் 131-ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தில் நேரடியாக வழக்குப் போட்டு, 2,291 கோடி கேட்டது. கட்சிகள் ஒன்றாக நின்றன, தெருவில் கூட்டம் நடந்தது, மாநில உரிமை என்ற சொல் வீடு வீடாகப் போனது. வரவேற்கிறேன். செய்ய வேண்டிய வேலை அது.

ஆனால் 2017-ல் 1,800 கோடிக்கு மேல் நிலுவை இருந்தபோது, பொறுப்புத் தொகை நான்கு மடங்குக்கு மேல் ஏறியபோது, அதே 131-ஆவது பிரிவு அரசமைப்புச் சட்டத்தில் இருக்கத்தான் செய்தது. அன்றைக்குக் கடிதத்தோடு ஏன் நின்றார்கள்? ஆட்சியில் இருந்தது வேறு கட்சி, டெல்லியோடு அதன் உறவு வேறு என்று பதில் சொல்லலாம். பாதி பதில்தான் அது. மற்ற பாதியை நாம் சொல்ல வேண்டும்: சமக்ர சிக்ஷா எல்லாச் சாதிப் பிள்ளைகளின் பணம், போஸ்ட் மெட்ரிக் நம் பிள்ளைகளின் பணம். மாநில உரிமைக்காகப் பேசும் மேடையில் தலித் மாணவரின் உரிமை தனி அஜெண்டாவாக ஏறியதே இல்லை. நாமும் கேட்டு ஏற்றவில்லை.

2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற 60:40 கணக்கு 2025-26 வரைக்குமானது. பதினாறாவது நிதிக்குழுவின் காலம் 2026 ஏப்ரலில் தொடங்குகிறது. ஒரு கணக்கு முடிந்து இன்னொன்று தொடங்கும் மார்ச் 31-களில்தான் நம் பணம் காணாமல் போகிறது என்பது 1870-லிருந்து தெரிந்த விஷயம். ஆதி திராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு ஒவ்வோர் ஆண்டும் மானியக் கோரிக்கையின்போது பேரவையில் வைக்கப்படுகிறது, தமிழிலேயே இருக்கிறது, அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. போஸ்ட் மெட்ரிக் பக்கத்தைத் திறந்து, ஒன்றியப் பங்கு எவ்வளவு வந்தது, மாநிலப் பங்கு எந்த மாதம் விடுவிக்கப்பட்டது என்று பாருங்கள். மாதம் அதில் இல்லையென்றால் பத்து ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குத் தனியாக, கல்லூரி வாரியாக, தேதியோடு.